சமூக ஊடகத்தில் ஆசிரியர்கள் தொழில்முறை உறவுகளை வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஸ்புக், வாட்ஸ்அப், எக்ஸ், லிங்க்ட்இன், டெலிகிராம் என்று ஏதோ ஒன்றில் கணக்கு இல்லாத ஆசிரியர் இன்று அரிது. ஆனால் "நாளைக்கு இந்தப் பாடம், எப்படி ஆரம்பிக்கலாம்?" என்று தயங்காமல் கேட்க அந்தக் கணக்கின் வழியாக நாலு பேர் கிடைத்தார்களா என்றால், பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்த நாலு பேரைத் தேடிக்கொள்வது பற்றி ஆசிரியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

என் பள்ளியிலேயே சக ஆசிரியர்கள் இருக்கிறார்களே, வெளியே எதற்குத் தேட வேண்டும்?

பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு ஈடாக யாரும் வர முடியாது. உங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிந்தவர் அவர். அவரை விட்டுவிடச் சொல்லவில்லை.

ஆனால் ஆசிரியர் வேலையில் ஒரு தனிமை இருக்கிறது. வகுப்புக்குள் போய்விட்டால் நாம் செய்வதைப் பார்ப்பவர்கள் பிள்ளைகள் மட்டுமே. சிறிய பள்ளி என்றால் இயற்பியலுக்கு நீங்கள் ஒருவர்தான். பாடத்தைப் பற்றிப் பேச அங்கே இன்னொருவர் இல்லை. பெரிய பள்ளியிலும் வருடக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே மாதிரி யோசனைதான் வரும். ஒரே புத்தகம், ஒரே பயிற்சி, ஒரே பழக்கம் அல்லவா.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. தெரிந்தவர்கள் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், "தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?" என்று அவர் விசாரித்தார். பெரும்பாலோர் சுட்டிக்காட்டியது நெருங்கிய நண்பர்களை அல்ல, எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களை. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரின் தரவை வைத்து 2022இல் வெளியான ஆய்வும் கிட்டத்தட்ட இதையே காட்டியது. அதோடு ஒரு திருத்தமும் சொன்னது: முகமே தெரியாதவரைவிட, ஓரளவு பழகிய அறிமுகங்களே அதிகம் உதவுகிறார்கள். சமூக ஊடகத்தில் ஆசிரியர் தேட வேண்டியது இந்த நடுத்தரத் தூரத்தில் இருப்பவர்களை என்பது என் கருத்து.

எந்தத் தளத்தில் தொடங்குவது?

உங்கள் பாடத்தைக் கற்பிப்பவர்கள் ஏற்கெனவே எங்கே பேசிக்கொண்டிருக்கிறார்களோ அங்கே. தளத்தின் வசதிகள் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் ஏற்கெனவே தெரிந்தவர்களோடு வேலை பார்க்க நல்லவை. புது ஆளைக் கண்டுபிடிக்க அவ்வளவு உதவாது, ஏனென்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் யாராவது சேர்த்துவிட வேண்டும், அல்லது குழுவின் இணைப்பு கையில் கிடைக்க வேண்டும். ஃபேஸ்புக் குழுக்களில் பாடவாரியாகவும் வகுப்புவாரியாகவும் ஆட்கள் கிடைப்பார்கள். பழைய பதிவுகளையும் தேடி எடுக்கலாம். எக்ஸ், ப்ளூஸ்கை, மாஸ்டடான் மாதிரித் தளங்களில் அறிமுகமில்லாதவரிடமும் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். ஆய்வாளர்கள், பாடநூல் எழுதுபவர்கள்கூட அங்கே பதில் சொல்வதைப் பார்க்கலாம். வேலை மாற்றம், பயிற்சி வாய்ப்பு, கருத்தரங்கு அழைப்பு என்றால் லிங்க்ட்இன். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அங்கே ஒருவர் காட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது போன்ற உறவு உருவாக நாளாகும்.

முதல் ஆறு மாதம் ஒரே இடத்தில் இருங்கள். நாலு தளத்தில் அரைகுறையாக இருப்பவரை யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தளமும் நிரந்தரம் இல்லை. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியது, 2023 ஜூலையில் அதன் பெயரே எக்ஸ் ஆனது; இடையில் பல வருடமாக அங்கே சேர்ந்திருந்த ஆசிரியர் கூட்டங்கள் பல திசைகளில் பிரிந்து போயின. அதனால் முக்கியமானவர்களின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி வையுங்கள். நீங்கள் எழுதும் பயனுள்ள பதிவுகளின் நகலை உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொஃபைலில் என்ன எழுதுவது?

என்ன பாடம், எந்த வகுப்புகள், இப்போது எதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இவ்வளவு போதும். "எட்டாம் வகுப்பு அறிவியல். ஆய்வகம் இல்லாமல் சோதனை செய்து காட்டுவதில் ஆர்வம்" என்று எழுதியிருந்தால், அதே சிக்கலில் இருப்பவர் தானாக வந்து பேசுவார். "கல்வியாளர், சிந்தனையாளர், ஊக்கப் பேச்சாளர்" என்று இருந்தால் எதைப் பற்றிப் பேசுவது என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரியும் படம் ஒன்று வையுங்கள். பள்ளியின் பெயரைப் போடுவது உங்கள் விருப்பம். போடாமல் இருந்தால் மாணவர்களின் அடையாளம் வெளியே போகும் வாய்ப்பு குறையும்.

யாரைப் பின்தொடர்வது?

லட்சம் பேர் பின்தொடரும் கல்விப் பிரபலங்களை விட்டு, அவர்கள் பதிவுகளின் கீழே யார் பொறுப்பாகப் பதில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். "நான் இப்படிச் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் சிக்கியது" என்று எழுதும் ஆள் ஒருவர் அங்கே இருப்பார். உங்களுக்கு வேண்டியவர் அவர். உங்களைப் போலவே தினமும் வகுப்புக்குப் போகிறவர், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமும் மனமும் உள்ளவர்.

வேறு பாடம் எடுப்பவர்கள் இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வாசிக்கப் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்று கணித ஆசிரியரும் புவியியல் ஆசிரியரும் பேசிக்கொண்டால் இரண்டு வகுப்புமே மாறும்.

எனக்கு எழுத வராது. படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாமா?

தாராளமாக. இணையக் குழுக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் படிப்பவர்கள், 9 சதவீதம் பேர் அவ்வப்போது எழுதுபவர்கள், 1 சதவீதம் பேரே தொடர்ந்து எழுதுபவர்கள் என்று ஒரு தோராயக் கணக்கை இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் சொன்னார். துல்லியம் எப்படியோ, குழுக்களில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது.

மனிதர்கள் சேர்ந்து கற்பதை ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் இருவரும் 1991இல் இதற்கு இன்னும் ஆழமான விளக்கம் தந்தார்கள். தையற்காரர், மருத்துவச்சி போன்றோர் தொழில் கற்பதைப் பார்த்து அவர்கள் சொன்னது இது: புதிதாக வருபவர் முதலில் ஓரமாக நின்று சின்னச் சின்ன வேலைகளைச் செய்கிறார், பிறகு மெல்ல நடுவுக்கு வருகிறார்; ஓரத்தில் நிற்பதும் அந்தத் தொழிலில் பங்கெடுப்பதுதான்.

எனவே வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஓரத்திலேயே இருந்துவிட்டால் உங்களை யாருக்கும் தெரியாது. ஒரு நடுவழி இருக்கிறது. யாராவது பகிர்ந்ததைப் படித்துப் பயன்படுத்தினால், "நேற்று என் வகுப்பில் செய்தேன், இரண்டாவது படியில் குழம்பினார்கள்" என்று இரண்டு வரி போடுங்கள். அதற்கு எழுத்துத் திறமை எதுவும் வேண்டாம்.

கேள்வி கேட்டால் பதிலே வருவதில்லையே?

பெரும்பாலும் காரணம் கேள்வியில் இருக்கும். "பின்னம் எப்படி நடத்துவது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு புத்தகம் எழுத வேண்டும். படிப்பவர் பெருமூச்சு விட்டுத் தாண்டிப் போவார்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஐந்தாம் வகுப்பு. 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்றால் பாதிப் பேர் 1/4 என்கிறார்கள். மூன்றைவிட நான்கு பெரியதாம். காகிதத்தை மடித்துக் காட்டினேன். மடிக்கும்போது சரியாகச் சொல்கிறார்கள். பலகையில் எண்ணாக எழுதியதும் மறுபடி 1/4 என்கிறார்கள். காகிதத்திலிருந்து எண்ணுக்கு வரும் இந்த இடத்தை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்?"

இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். வகுப்பு தெரிகிறது. பிள்ளைகளின் தவறு அப்படியே தெரிகிறது. நீங்கள் முயன்றது தெரிகிறது, அதனால் அதையே யாரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதும் தெளிவு. ஒருவர் எண்கோட்டில் குறிக்கச் சொல்வார். இன்னொருவர் "எண்ணை எழுதும் முன் எத்தனை பேருக்குப் பங்கு என்று வாயால் சொல்ல வையுங்கள்" என்பார். மூன்றாமவர் 1/3, 1/4 வேண்டாம், 1/2, 1/10இல் தொடங்குங்கள், வித்தியாசம் கண்ணை அறையும் என்பார். மூன்றும் நாளைக் காலையே செய்து பார்க்கக்கூடியவை.

நல்ல கேள்வி கேட்பவரை மற்ற ஆசிரியர்கள் மதிக்கிறார்கள். கேட்டால் நம் அறியாமை வெளியே தெரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அனுபவசாலிகள் இன்னும் அதிகமாக. ஆனால் மேலே உள்ள கேள்வியைப் படிப்பவருக்கு அதில் தெரிவது பிள்ளைகளைக் கூர்ந்து கவனிக்கும் ஓர் ஆசிரியர்.

நேரமும் ஒரு காரணம். வகுப்பு நடக்கும் நேரத்தில் போட்ட கேள்வி மாலைக்குள் புதைந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு நாள் கழித்து மாலையில் ஒருமுறை திரும்பப் போடுவதில் தப்பில்லை. அதிலும் வராவிட்டால், அந்தத் தலைப்பில் முன்பு எழுதிய ஒருவரின் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பதில் கிடைத்துவிட்டது. அப்புறம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

திரும்பி வந்து சொல்லுங்கள். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் "மிக்க நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொன்ன யோசனை வகுப்பில் என்ன ஆனது என்று சொன்னவருக்குக் கடைசிவரை தெரியாது. நீங்கள் ஒரு வாரம் கழித்து வந்து, "எண்கோடு முயன்றேன். பலருக்குத் தெளிவானது. ஆனால் சிலர் 0க்கும் 1க்கும் நடுவில் இடம் இருப்பதையே நம்பவில்லை, அவர்களுக்கு அளவுகோலைக் கொடுத்துக் காட்ட வேண்டியிருந்தது" என்று எழுதினால் என்ன நடக்கும்? சொன்னவருக்கு அவர் யோசனையின் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. அவரும் கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை சிக்கல் வரும்போது அவரே உங்களிடம் கேட்பார். கேட்பவர், சொல்பவர் என்ற இரண்டு படி போய், இருவரும் ஒரே வேலையைப் பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கையால் இந்த உறவு வராது. விருப்பக்குறிகளாலும் வராது. ஒரு வகுப்பில் நடந்ததை இன்னொரு வகுப்புக்காரர் தெரிந்துகொண்டு, அதன்படி தன் வகுப்பை மாற்றி, மாற்றியதைத் திருப்பிச் சொல்வது நாலைந்து முறை நடந்தால் போதும். பிறகு அந்த ஆளோடு எதையும் பேசலாம்.

யோசனை பலிக்காவிட்டாலும் சொல்லுங்கள். மரியாதைக்காக "அருமையாக வேலை செய்தது" என்று எழுதினால் அடுத்து அதைப் படித்து முயல்பவரும் தடுமாறுவார்.

நான் புதிய ஆசிரியர். பகிர என்னிடம் என்ன இருக்கிறது?

பிள்ளைகள் செய்யும் தவறுகள் இருக்கின்றன. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால்தான் கோடை வருகிறது என்று உங்கள் வகுப்பில் எத்தனை பேர் எழுதினார்கள்? (பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வட பாதிக்குக் குளிர்காலம்.) பிள்ளைகள் சொன்ன காரணங்களை அவர்கள் வார்த்தையிலேயே, பெயர் இல்லாமல், தொகுத்துப் போட்டால் இருபது வருட அனுபவம் உள்ளவரும் நின்று படிப்பார். பழகியவர்களின் கண்ணில் படாமல் போவது புதியவர்கள் கண்ணில் படும்.

அழகாக வடிவமைத்த பணித்தாள்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. "இந்தப் பணித்தாளில் மூன்றாம் கேள்வியை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், கேள்வியை இப்படி மாற்றினேன்" என்ற குறிப்பு கிடைப்பதுதான் கடினம். அதைப் பகிருங்கள்.

ஹேஷ்டேக் உரையாடல் என்கிறார்களே, அது என்ன?

ஒரு சொல்லின் முன் # குறி போடுவதுதான் ஹேஷ்டேக். அதைப் போட்டு ஒரே தலைப்பிலான பேச்சுகளைச் சேர்க்கலாம் என்ற யோசனையை 2007 ஆகஸ்டில் ட்விட்டரில் முன்வைத்தவர் கிறிஸ் மெசினா. இரண்டு வருடத்தில் ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2009இல் அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய 'எட்சாட்' வாரந்தோறும் குறித்த நேரத்தில் கூடும் உரையாடலாக வளர்ந்தது. பிறகு பாடவாரியாகவும் வட்டாரவாரியாகவும் எத்தனையோ கிளைகள் தோன்றின. நடத்துபவர் வரிசை எண் போட்டுக் கேள்விகளை விடுவார், வந்தவர்கள் அதே எண்ணில் பதில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இன்று இந்த உரையாடல்களின் வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த வடிவம் வாட்ஸ்அப் குழுவிலும் அப்படியே வேலை செய்யும். வாரம் ஒரு கேள்வி, பதில் சொல்ல ஒரு வாரம் முழுக்க நேரம் என்று வைத்தால் வேலைப்பளு உள்ளவர்களும் கலந்துகொள்வார்கள். என்னைக் கேட்டால் ஒரு மணி நேர ஓட்டத்தைவிட இந்த மெதுவான வடிவமே நல்லது. யோசித்து எழுத முடிகிறது.

இணையப் பேச்சு நேர்ச் சந்திப்பாக மாறுவதும் உண்டு. இங்கிலாந்தில் டாம் பென்னட் என்ற ஆசிரியர் தொடங்கிய, கல்வி ஆய்வுகளைப் பற்றிப் பேசும் 'ரிசர்ச்எட்' கருத்தரங்கு 2013இல் ஒரு ட்விட்டர் உரையாடலிலிருந்து முளைத்தது. பிறகு பல நாடுகளில் நடந்தது. உங்கள் குழுவும் வருடம் ஒருமுறையாவது நேரில் அல்லது காணொளியில் முகம் பார்த்துக்கொண்டால், அடுத்து எழுதும் சொற்களில் ஒரு இதம் வரும்.

எங்கள் ஆசிரியர் குழு முழுக்க காலை வணக்கமும் ஃபார்வர்டும்தான். என்ன செய்வது?

அந்தக் குழுவைத் திருத்த முயல வேண்டாம். அது வேறு தேவைக்காக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அதிலிருந்து ஆறேழு பேரை அழைத்து ஒரே வேலைக்கான சின்னக் குழு தொடங்குங்கள்: "ஒன்பதாம் வகுப்பு வேதியியல், இந்தப் பருவம் மட்டும்" என்பது மாதிரி. பருவம் முடிந்ததும் கலைத்துவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சேர்பவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

விதி இரண்டு போதும். வகுப்பில் செய்ததையோ செய்யப்போவதையோ மட்டும் பேசுவது. மற்றவர் அனுப்பியதை அனுமதி இல்லாமல் வெளியே அனுப்பாமல் இருப்பது. இரண்டாவது விதி இல்லாத குழுவில் யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள்.

நல்ல பதில்கள் ஓடையில் ஓடிப்போகாமல் இருக்க, கூகுள் டாக்ஸ் போன்ற பொது ஆவணம் ஒன்றில் பாடவாரியாகச் சேர்த்து வையுங்கள். யாராவது ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால்தான் நடக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் குழுவில் எல்லோருக்கும் வேண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

மாணவர்களின் படத்தையோ வேலையையோ பகிரலாமா?

முகம் தெரியும் படம் வேண்டாம். என் பதில் அவ்வளவுதான், ஆனால் காரணங்களைச் சொல்ல வேண்டும்.

பள்ளி விழாவுக்காகப் பெற்றோர் கொடுத்த சம்மதம் உங்கள் சொந்தக் கணக்குக்குப் பொருந்தாது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள் பிள்ளைகளின் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன, மற்ற பல நாடுகளும் அந்தத் திசையில் போகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பத்து வயதில் தப்பாகப் பதில் சொல்லி விழித்த முகம் இருபது வயதிலும் தேடினால் கிடைக்கலாமா என்று அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை.

முகம் இல்லாவிட்டாலும் கசியும் இடங்கள் பல. நோட்டு அட்டையில் பெயர். சீருடையில் பள்ளிச் சின்னம். பின்னால் பலகையில் தேதியும் வகுப்பும் பிரிவும். கைப்பேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம்; கேமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்தி வையுங்கள், அல்லது திரைப்பிடிப்பு எடுத்து அதை அனுப்புங்கள். விடைத்தாள் படம் என்றால் தேவையான நாலு வரியை மட்டும் வெட்டி எடுங்கள். கையெழுத்தே அடையாளம் காட்டும் என்று தோன்றினால் நீங்களே திருப்பி எழுதிப் படம் எடுங்கள்.

படமே இல்லாமல் எழுதும் கதைகளிலும் கவனம் தேவை. "என் வகுப்பில் அப்பாவை இழந்த ஒரு பையன், இன்று என்ன சொன்னான் தெரியுமா" என்று எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். அந்தப் பையனின் அம்மா இதைப் படித்தால் தன் பிள்ளை என்று கண்டுகொள்வாரா? ஆம் என்றால் எழுதாதீர்கள். ஒரு தனிப்பட்ட பிள்ளையைப் பற்றி ஆலோசனை கேட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தலைமையாசிரியரும் பள்ளி ஆலோசகரும் இருக்கிறார்கள்.

மாணவர்களோ பெற்றோரோ நட்பு அழைப்பு அனுப்பினால்?

மாணவர்களின் அழைப்பை ஏற்க வேண்டாம், ஏன் என்று வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். தனித்தனியாக மறுத்தால் மனம் வருந்தும். பெற்றோருக்கும் பள்ளியின் தொடர்பு வழியே போதும். தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால் குடும்பப் படங்களும் இதிலிருந்து விலகி நிற்கும்.

பள்ளி நிர்வாகம் ஆட்சேபித்தால்?

தொடங்கும் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஊழியர்களுக்கான சமூக ஊடக விதிகள் உங்கள் பள்ளியிலோ துறையிலோ இருந்தால் வாங்கிப் படியுங்கள். "இவை என் சொந்தக் கருத்துகள்" என்று ப்ரொஃபைலில் எழுதுவதால் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. சக ஆசிரியர், தலைமை, மாணவர் மூவரைப் பற்றியும் குறையாக எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. மூடிய குழுவிலும் அப்படியே. திரைப்பிடிப்பு எடுக்க யாருக்கும் அனுமதி தேவைப்படுவதில்லை.

ஆசிரியர் குழுக்களில் வருவதை எல்லாம் நம்பலாமா?

கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற முக்கோணப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயிற்சி வகுப்புகளிலும் வரும். அதை அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரில் பரப்புகிறார்கள். டேல் 1946இல் கற்றல் அனுபவங்களை ஒரு கூம்பாக வரைந்தது உண்மை. அந்தக் கூம்பில் சதவீதம் எதுவும் இல்லை. பிற்பாடு யாரோ சேர்த்தார்கள். நினைவு இப்படி முழுமுழுப் பத்துகளாகப் பிரிந்து நிற்குமா என்று ஒரு நொடி யோசித்தாலே சந்தேகம் வர வேண்டும்.

"சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பியுங்கள்" என்பதும் இப்படித்தான். உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் மூவரும் 2008இல் இதற்கான ஆதாரங்களைத் தேடிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தும் அளவுக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். படமும் பேச்சும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும். பிள்ளைகளை வகை பிரித்து முத்திரை குத்துவதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தவறான தகவலை நண்பர் அனுப்பினால் நாம் சோதிப்பதில்லை. தொடர்புகள் பெருகப் பெருகத் தவறும் வேகமாகப் பரவும். குழுவில் இப்படி ஏதாவது வந்தால் அனுப்பியவரைச் சபையில் மட்டம் தட்ட வேண்டாம். "இதன் மூலம் எங்கே இருக்கிறது, தெரிந்தால் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். அல்லது தனிச்செய்தியில் சொல்லுங்கள். முகம் காப்பாற்றப்பட்டால் அவரே குழுவில் திருத்திவிடுவார்.

மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்த பொருளை நான் பயன்படுத்தலாமா?

வகுப்பில் பயன்படுத்தத்தான் பகிர்கிறார்கள். ஆனால் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரில் மறுபடி ஏற்றுவது திருட்டு, அது பரவலாக நடக்கிறது. படைப்பின் மேல் கிரியேட்டிவ் காமன்ஸ் குறி இருந்தால் அதைப் படியுங்கள். 2002 முதல் உள்ள இந்த உரிமங்கள் எளிமையானவை: சிலவற்றில் பெயர் சொன்னால் போதும், சில வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும், சில மாற்றம் செய்யக் கூடாது என்னும், சில, மாற்றினால் அதே உரிமத்தில் திரும்பப் பகிரச் சொல்லும். குறி எதுவும் இல்லாவிட்டால் உரிமை படைத்தவருக்கே. ஒரு வரி எழுதி அனுமதி கேளுங்கள். ஒரு நல்ல அறிமுகம் இப்படியும் தொடங்கும்.

நேரமே இல்லையே?

வாரத்துக்கு இரண்டு தடவை, இருபது நிமிடம். அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் ஒருவருக்குப் பதில் எழுதுங்கள், ஒன்றைச் சேமியுங்கள், மூடிவிடுங்கள். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் அதுவும் வேண்டாம். ஒரு வாரம் வராததால் எந்த உறவும் அறுந்துவிடாது.

யாராவது கடுமையாகத் தாக்கி எழுதினால்?

பாடத்தைப் பற்றிய மறுப்பு என்றால் அது வரவேற்க வேண்டிய விஷயம். வகுப்பில் நடந்ததைச் சொல்லிப் பதில் எழுதுங்கள். உங்களைப் பற்றியது என்றால் பதில் எழுதாமல் முடக்கிவிடுங்கள். மிரட்டல் என்றால் திரைப்பிடிப்பு எடுத்து வைத்து, தளத்திலும் பள்ளியிலும் உடனே புகார் செய்யுங்கள்.

தூரத்தில் இருக்கும் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு வகுப்புகளுக்கும் பொதுவாக என்ன செய்யலாம்?

நேரலைக் காணொளியில் தொடங்காதீர்கள். நேர வித்தியாசம், இணைய வேகம், பாடவேளை மூன்றும் ஒத்துவருவதற்குள் உற்சாகம் வடிந்துவிடும். இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செய்து முடிவை அனுப்பிக்கொள்ளும் வேலையே தோது.

எனக்கு மிகவும் பிடித்தது எரடோஸ்தனிஸ் சோதனை. பூமியின் சுற்றளவை அந்தக் கிரேக்க அறிஞர் நிழலை வைத்துக் கணக்கிட்டது கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில். அதை இரண்டு பள்ளிகள் சேர்ந்து செய்யலாம். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, சில நூறு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நடுப்பகலையொட்டிச் சில நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்ளுங்கள்; கடிகாரத்தில் 12 மணி என்பது பெரும்பாலான இடங்களில் உண்மையான நடுப்பகல் அல்ல. நிழல் நீளத்தைக் குச்சி நீளத்தால் வகுத்தால், குச்சிக்கும் சூரியக் கதிருக்கும் இடையிலான கோணத்தின் டேஞ்சன்ட் கிடைக்கும். முக்கோணவியல் தெரியாத வகுப்பு என்றால் அளவுப்படம் வரைந்து பாகைமானியால் அளக்கலாம். இரண்டு நிழலும் ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழியுங்கள். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே விழுந்தால் கூட்டுங்கள்.

வித்தியாசம் 7.2 பாகை, இரண்டு இடங்களுக்கும் வடக்கு-தெற்குத் தூரம் 800 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 360ஐ 7.2ஆல் வகுத்தால் 50. 800ஐ 50ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ அதுதான். தூரத்தை நேர்கோட்டில் அளக்கக் கூடாது, வரைபடத்தில் வடக்கு-தெற்கு இடைவெளியை மட்டும் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், விட்டுப் பிடியுங்கள். ஒரு பள்ளியின் எண் மட்டும் இருந்தால் விடை வராது. மறுபக்கத்து வகுப்பின் எண்ணுக்காகக் காத்திருப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு தவிப்பு இருக்கும், ஆசிரியர்களுக்கும்தான்.

நாளைத் தேர்வு செய்வதில் ஒரு கவனம். மார்ச் 21, செப்டம்பர் 23ஐ ஒட்டிய நாட்களில் சூரியனின் உயரம் தினமும் ஏறத்தாழ 0.4 பாகை மாறும், எனவே இரு பக்கமும் அதே நாளில் அளந்தாக வேண்டும். ஜூன் 21, டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் அது மிக மெதுவாகத்தான் மாறும். ஒரு ஊரில் மேகம் மறைத்துவிட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அளந்து அனுப்பினாலும் கணக்கு கெடாது.